இறந்தவரின் வைத்தியச் செலவும் காப்புறுதி நிறுவனங்களின் மறுப்பும்

தனியார் வைத்தியசாலையொன்றில் ஒருவர் உயிர்நீத்தால் அவருடைய உறவினர்கள் முதலில் சென்று நிற்க வேண்டிய இடம் காசாளரின் கருமபீடமாகவே இருக்கின்றது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்ய வேண்டிய அவசரம் முஸ்லிம் குடும்பத்துக்கு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அறிவித்து ஈமக்கிரியைகளுக்கு ஒழுங்கு செய்யும் பதற்றம் தமிழ்க் குடும்பத்துக்கு. அந்த வேளையில் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கும் மனநிலை எவருக்கும் இருப்பதில்லை. நகையை அடகு வைத்தேனும் பணத்தைக் கட்டிவிட்டு, காப்புறுதி இருக்கின்றதுதானே என்று ஆறுதலடைகின்றனர். சில வாரங்களின் பின்னர் வரும் ஒரு பக்கக் கடிதம் அந்த ஆறுதலையும் பறித்துவிடுகின்றது.

தெஹிவளையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் அண்மையில் எம்மிடம் காட்டிய கடிதம் அத்தகையது. அவருடைய தந்தையார் ஏழு ஆண்டுகளாகத் தவணைக் கட்டணத்தைத் தவறாது செலுத்தி வந்தவர். மாரடைப்பினால் அனுமதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் காலமானார். நீரிழிவு நோய் முன்னரே இருந்ததாகவும், அது முன்மொழிவுப் படிவத்தில் மறைக்கப்பட்டதாகவும் கூறி நிறுவனம் பணம் தர மறுத்துள்ளது. அதற்குச் சான்று என்ன? அனுமதிக்கப்பட்ட இரவில் கடமையிலிருந்த வைத்தியர் கேட்டபோது, "பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருக்கின்றது" என்று மகள் கூறியது வைத்தியசாலைக் குறிப்பில் பதிவாகியிருக்கின்றது. தந்தையைக் காப்பாற்றுவதற்காக மகள் சொன்ன வார்த்தையே பின்னர் அவருக்கு எதிரான சாட்சியமாகியது. ஆங்கிலத்திலிருந்த படிவத்தை நிரப்பியவரோ காப்புறுதி முகவர். தந்தையார் இட்டது கையொப்பம் மாத்திரமே.

நிறுவனங்கள் இத்தகைய சந்தர்ப்பங்களில் எடுத்துக்காட்டும் கோட்பாடு மிகவும் பழைமையானது. காப்புறுதி செய்பவர் தாம் அறிந்த முக்கிய தகவல்கள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்ற 'அதியுயர் நல்லெண்ண' விதியை 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு இங்கிலாந்தில் வகுத்தார். சுமாத்திராவின் பென்கூலன் பகுதியிலிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர், கோட்டை எதிரிகளிடம் வீழ்ந்தால் நட்டஈடு பெறுவதற்கெனச் செய்த காப்புறுதி பற்றிய வழக்கு அது. பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு: அவ்வழக்கில் வென்றவர் ஆளுநரே. காப்புறுதியாளர் தாமே அறிந்திருக்கக்கூடிய விடயத்தைக் காரணங்காட்டித் தப்ப முடியாது என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி. கோட்பாட்டின் ஒரு பாதி மாத்திரமே மறுப்புக் கடிதங்களில் இடம்பெறுகின்றது.

ஆயுள் மற்றும் தீக் காப்புறுதி விடயங்களில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றுமாறு 1852 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டம் எமக்கு விதித்தது. ஆனால் அந்த இங்கிலாந்தே 2012 இல் நுகர்வோருக்கென வேறு சட்டம் இயற்றிவிட்டது. கேட்கப்படாததையெல்லாம் தாமாகவே சொல்ல வேண்டிய கடமை சாதாரண நுகர்வோருக்கு இனி இல்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்துடன் பதிலளித்தால் போதும். கவனக்குறைவால் தவறு நேர்ந்தாலும், முழுத் தொகையையும் மறுப்பதற்குப் பதிலாக விகிதாசாரப்படி குறைத்து வழங்கும் முறையும் அங்கு உண்டு.

இந்திய அனுபவம் எமக்கு இன்னும் நெருக்கமானது. 1990 இல் எடுக்கப்பட்ட மருத்துவக் காப்புறுதி ஒன்றின் கீழ், இறந்த கணவரின் செலவைக் கோரிய பெண்ணின் வழக்கு 2009 இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. நீண்டகால நீரிழிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் கணவர் மறைத்தார் என்று கூறி, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்பை நாம் குறைகூற மாட்டோம். பாரதூரமான நோயைத் தெரிந்தே மறைப்பவருக்குக் கொடுக்கப்படுவது மற்றவர்கள் செலுத்திய பணமே. எனினும் 2015 இல் அதே நீதிமன்றம், இதய நோயால் இறந்தவர் தமது முள்ளந்தண்டு நோயைக் குறிப்பிடாமை மரணத்துடன் தொடர்பற்றது எனக் கூறி, ஆயுள் காப்புறுதிக் கோரிக்கையை ஏற்றது. 2021 டிசம்பரில், நோயாளியின் நிலையை மதிப்பிட்டுப் பத்திரம் வழங்கிய நிறுவனம் அவர் ஏற்கெனவே வெளிப்படுத்திய நோயைக் காரணங்காட்டிப் பின்னர் மறுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பத்திரம் நடைமுறையிலிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றித் தகவல் மறைப்பைக் காரணங்காட்ட முடியாது என்பது 2024 முதல் அங்குள்ள விதி. அந்த அளவுகோலின்படி, ஏழு ஆண்டுகள் பணம் செலுத்திய தெஹிவளைக் குடும்பத்துக்கு மறுப்புக் கடிதம் வந்திருக்கவே முடியாது.

எமது நாட்டிலும் வழிகள் இல்லாமலில்லை. மறுப்புக்கான காரணத்தைப் பத்திரத்தின் வாசக இலக்கத்துடன் எழுத்தில் தருமாறு முதலில் கேட்க வேண்டும். கையொப்பமிட்ட முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கோர வேண்டும். சிகிச்சையளித்த வைத்தியரிடமிருந்து மரணத்துக்கான காரணமும் பழைய நோயும் தொடர்புடையனவா என்பது பற்றிய கடிதம் பெறுவது பெரிதும் உதவும். நிறுவனத்துக்குள் மேன்முறையீடு பயனளிக்காவிடின், 2005 முதல் இயங்கிவரும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம், அதாவது ஒம்புட்ஸ்மனிடம், முறையிடலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் நாடலாம். நீதிமன்றம் கடைசி வழி. எழுத்திலான ஒப்பந்தத்துக்குப் பொதுவாக ஆறு ஆண்டு காலாவதி எல்லை இருந்தாலும், பத்திரத்தில் அதனினும் குறுகிய காலம் குறிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் காலந்தாழ்த்துவது ஆபத்தானது.

முஸ்லிம் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொத்தைப் பங்கிடுமுன் மையித்தின் கடன்கள் தீர்க்கப்பட வேண்டும். செலுத்தப்படாத வைத்தியசாலைக் கட்டணமும் கடனே. ஆகையால் காப்புறுதிப் பணத்தைப் பற்றிய தகராறு தீரும்வரை வாரிசுகள் அவசரப்பட்டுப் பங்கு பிரிப்பது பின்னர் சகோதரர்களுக்கிடையே மனக்கசப்பை ஏற்படுத்தலாம். தக்காபுல் முறையில் இணைந்திருப்போரும் படிவத்தில் உண்மையை எழுதும் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் அல்லர்.

ஆணைக்குழுவிடம் நாம் கேட்பது இரண்டுதான். படிவம் எந்த மொழியில் விளக்கப்பட்டது, அதை யார் நிரப்பினார் என்பவற்றை முகவர் தமது கையொப்பத்துடன் படிவத்திலேயே பதிய வேண்டும். நிரப்பிய படிவத்தின் பிரதி, பத்திரம் வழங்கப்படும் அன்றே வாடிக்கையாளரின் கையில் சேர வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த பின்னர் தேடிப் பெறும் ஆவணமாக அது இருக்கக்கூடாது.