மணிக்கட்டு வலியும் நெட்டி முறிக்கும் வைத்தியமும்

எங்கள் குடும்பத்தில் இரண்டு மணிக்கட்டுகள் கெட்டுப்போயின. ஒன்று பெரியம்மா பையனுடையது (எனக்கு அண்ணன் முறை). இன்னொன்று அம்மாவுடையது. பி.காம். படிக்கிறவனுக்கு எலும்பு, நரம்பு பற்றியெல்லாம் எழுத என்ன தகுதி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் துணைக்குப் போனவன் நான், பில் கவுன்ட்டரில் நின்றவனும் நான். அவ்வளவுதான்.

முதலில் அண்ணன் கதை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், முத்தாபுதுப்பேட்டைப் பையன்களுக்கும் மிட்டனமல்லிப் பையன்களுக்கும். கேட்ச் பிடிக்கப் பாய்ந்தவன் உள்ளங்கையை ஊன்றி விழுந்தான். கேட்ச் பிடித்துவிட்டான், அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வான். மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். விரல்கள் அசைந்தன, கை திரும்பியது. "கை அசையுதுல்ல, எலும்பு ஒண்ணும் ஆகல, சுளுக்குதான்" என்றார் ஆயா. வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மறுநாள் கட்டுப் போடும் இடத்துக்குக் கூட்டிப் போனோம்.

நம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இடங்களை விளக்க வேண்டாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, எந்த ரோட்டில் போனாலும் 'புத்தூர் கட்டு' போர்டு ஒன்று கண்ணில் படும். புத்தூர் என்பது அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் ரயில் பாதையில், ஆந்திராவில் இருக்கும் ஊர். அதன் பக்கத்தில் ராச்சபாளையம் என்ற கிராமத்தில் ஒரு குடும்பம் பல தலைமுறைகளாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வருகிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை, துணி, இவைதான் சரக்கு. சென்னையில் அந்தப் பெயரில் போர்டு மாட்டியிருக்கும் எல்லோருக்கும் அந்தக் குடும்பத்தோடு உறவு இருக்கும் என்று நான் நம்பவில்லை. திருநெல்வேலி அல்வா கடைகள் மாதிரிதான்.

இதைக் கேலி செய்யும் ஆள் இல்லை நான். முறிந்த எலும்பை நேராக வைத்து, அசையாமல் பிடித்து வைத்தால், பெரும்பாலும் அதுவே கூடிவிடும். மாவுக்கட்டு செய்வதும் அதைத்தான். முன்கை எலும்பில் சாதாரண விரிசல் என்றால் மூங்கில் தப்பையும் வேலை செய்யும். சிக்கல் எங்கே என்றால், மணிக்கட்டு முன்கை மாதிரி இல்லை.

மணிக்கட்டுக்குள் 8 சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கம் இருப்பதற்கு ஸ்கேபாய்டு என்று பெயர். கையை ஊன்றி விழும் வாலிபர்களுக்கு இந்த எட்டில் அதிகம் முறிவது இதுதான். பெரிய முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும். இதற்கு ரத்தம் போகும் வழி வினோதமானது. விரல் பக்க முனையில் நுழைந்து, பின்னோக்கி மறுமுனைக்குப் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்குச் சப்ளை நின்றுபோகலாம். அப்புறம் எலும்பு கூடாது, நாளடைவில் செத்தும் போகலாம். இதைவிட மோசம், இந்த முறிவில் கை அவ்வளவாக வீங்காது, அசையவும் செய்யும். முதல் நாள் எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் தெரியாது. அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் ஸ்கேன் பார்க்கச் சொல்கிறார்கள். நாங்கள் முதல் எக்ஸ்ரேயே எடுக்கவில்லை.

கட்டுப் போட்டவர் முதலில் எண்ணெய் தடவி நன்றாக உருவி விட்டார். ஏதோ 'சொடக்' என்றது. "சுளுக்கு விட்டுருச்சு" என்றார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வாரத்தில் கட்டு பிரித்தாயிற்று. வலி மட்டும் போகவில்லை. பைக் ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் வலி, பக்கெட் தூக்கினால் வலி. "சுளுக்கு ஆற நாளாகும்" என்று 8 மாதம் ஓட்டினோம். பிறகு போலீஸ் தேர்வுக்குத் தயாராகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்துத் தேர்வு பாஸ். 1500 மீட்டர் ஓட்டம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கயிறு ஏறும்போது இரண்டாவது பிடியிலேயே கை விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது, மெஷினில் கை மாட்டிக்கொண்ட தொழிலாளிகளுக்கு அது பெரிய புண்ணியம். ஸ்கேன் பார்த்தார்கள். எலும்பு கூடவே இல்லை, ஸ்க்ரூ போட்டு வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. கை இப்போது பரவாயில்லை. அந்த வருடத் தேர்வு போனது போனதுதான்.

இவ்வளவு பட்ட பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டுமே? அம்மா விஷயத்தில் மறுபடி அதே தப்பு, இந்த முறை ஏ.சி. ரூமில்.

அம்மா அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். மரத்துப்போச்சு என்பார். கொஞ்ச நேரம் உதறினால் சரியாகும், படுப்பார், மறுபடி எழுவார். பக்கத்து வீட்டு அக்கா போனில் வீடியோக்கள் காட்டினார்: ஒருவர் கழுத்தைப் பிடித்து 'டக்' என்று திருப்புகிறார், படுத்திருப்பவர் அழுதுகொண்டே சிரிக்கிறார். கைரோபிராக்டிக் என்றார்கள். நம் சலூன்களில் மசாஜ் முடிந்ததும் தலையைத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதற்குக் கோட்டு மாட்டிவிட்டது போல எனக்குத் தோன்றியது. ஆனாலும் போனோம். முதல் சிட்டிங் 1500 ரூபாய், பேக்கேஜ் எடுத்தால் தள்ளுபடி.

மணிக்கட்டு வலி என்று சொன்னதும் கழுத்தில் ஆரம்பித்தார். முதுகு, தோள், கடைசியில் மணிக்கட்டு. எல்லா இடத்திலும் சத்தம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு நாள் சுகமாக இருந்தது, இதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி உதறல்.

இந்த வைத்தியத்தின் கதையைத் தேடிப் படித்தேன். 1895 செப்டம்பரில் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பாமர் என்பவர் ஆரம்பித்தது. காது கேளாத ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பை அழுத்தி, காது கேட்க வைத்ததாகச் சொன்னார். பெயருக்கு கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். நோய்களில் 95 சதவீதத்துக்கு முதுகெலும்பு நகர்வதுதான் காரணம் என்பது அவர் கொள்கை. (95 சதவீதச் செலவை ஒரே தலைப்பில் எழுதினால் எங்கள் ஆடிட்டிங் சார் நோட்டைத் தூக்கி எறிவார்.) அதே 1895-ல்தான் சுவிஸ் நாட்டு டாக்டர் டி குவெர்வேன், கட்டைவிரல் அடியில் தசைநாண் உறை இறுகி வரும் மணிக்கட்டு வலியைப் பற்றி எழுதினார். கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மாக்களுக்கு அதிகம் வருமே, அது. அதே வருடம் நவம்பரில் ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார், டிசம்பரில் மனைவியின் கையைப் படம் எடுத்தார். ஒருவர் காரணம் தேடாமல் கையை வைத்தார், ஒருவர் வலி எந்த இடம் என்று தேடினார், ஒருவர் தோலுக்குள் பார்க்கவே வழி செய்தார். என் வோட்டு பின்னால் வந்த இருவருக்கும்.

இதற்காகக் கைரோபிராக்டிக் முழுக்க ஏமாற்று என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் அதற்குப் பல வருடப் படிப்பும் லைசென்சும் உண்டு, இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. மணிக்கட்டுக்கு? 1998-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வைப் பார்த்தேன். கார்பல் டன்னல் தொல்லை உள்ள 91 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு கைரோபிராக்டிக், இன்னொன்றுக்கு இபுபுரோபென் மாத்திரை. இரண்டு அணியும் ஏறக்குறைய ஒரே அளவு தேறின. பார்த்தீர்களா, மாத்திரைக்குச் சமம் என்று விளம்பரம் செய்யலாம். ஆனால் இரண்டு அணிக்குமே ராத்திரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டையும் கொடுத்திருந்தார்கள்! லாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

இங்கே இன்னொரு சங்கடம். டாக்டருக்கு மெடிக்கல் கமிஷன் இருக்கிறது, சித்த வைத்தியருக்கும் அப்படி ஒன்று இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட்டுக்கு 2021-ல் சட்டம் வந்தது. கைரோபிராக்டருக்கென்று இந்தியாவில் தனிக் கவுன்சில் கிடையாது. முறையாகப் படித்து வந்தவரும், வீடியோ பார்த்துக் கற்றவரும் ஒரே மாதிரி போர்டுதான் மாட்டுவார்கள். அதிலும் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதில், அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழியும் ஆபத்து இருக்கிறது. கை மரத்ததற்கு அந்த ரிஸ்க் எதற்கு?

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். மொத்தம் மூன்று நிமிடம்தான் பார்த்திருப்பார். "சுண்டு விரல் மரக்குதாம்மா?" என்று கேட்டார். அம்மா யோசித்து, "இல்லம்மா, அது மட்டும் நல்லாதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான், பாதி விடை கிடைத்துவிட்டது. மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம், அதற்குள் 9 தசைநாண்கள், ஒரு நரம்பு. அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை போகிறது. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. சுரங்கத்துக்குள் இடம் நெருக்கினால் சுண்டு விரல் தப்பிக்கும். சர்க்கரையும் தைராய்டும் பார்க்கச் சொன்னார், நரம்பு டெஸ்ட் எழுதினார், ராத்திரிப் பட்டை கட்டச் சொன்னார். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்ற ஆரம்பித்தால் தாமதிக்காமல் ஆபரேஷன் என்றார்.

1500 ரூபாய் கொடுத்த இடத்தில் எந்த விரல் என்று யாரும் கேட்கவில்லை. என் கோபம் எல்லாம் அதில்தான். கட்டுக் கடையோ, ஏ.சி. கிளினிக்கோ, சித்த வைத்தியமோ, எதுவானாலும் கையை வைப்பதற்கு முன் கேள்வி கேட்கிறாரா, "இது என் வேலை இல்லை, எக்ஸ்ரே எடுத்துட்டு வா" என்று சொல்லத் தெரிந்தவரா என்று பார்க்க வேண்டும். எலும்பு வைத்தியர்களிலும் அப்படிச் சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. நெட்டி முறித்தவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு 20 நிமிடம் பேசினார். வேலை, தூக்கம் எல்லாம் விசாரித்தார். அந்த இரண்டு நாள் சுகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. ஓ.பி. வரிசையில் அம்மாவின் கையைத் தொடக்கூட நேரம் இல்லாத டாக்டர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் டாக்டர் எங்களுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.

பட்டை கட்டி ஆறு வாரம் ஆகிறது. ராத்திரி எழுவது குறைந்திருக்கிறது. கம்பெனியில் மணிக்கு ஒரு தரம் கையை நீட்டி மடக்கிக்கொள்ள சூப்பர்வைசரிடம் கேட்கலாம் என்றேன். "கேட்டா பீஸ் கணக்கு யாருடா பாப்பா?" என்கிறார் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பி.கு: கையை ஊன்றி விழுந்தவர்கள் கட்டைவிரலை அகல விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டு ஓரம், மூக்குப்பொடி வைக்கும் அளவுக்கு ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலித்தால் எண்ணெய் பாட்டிலை எடுக்காதீர்கள், எக்ஸ்ரேக்குப் போங்கள். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் வலி இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி போங்கள்.