வரிக் கணக்குப் பரீட்சை தமிழில் வேண்டும்

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கு அரிசி விலை தெரியும். புளி விலை தெரியும். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதும் நன்றாகத் தெரியும். ஆனால் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி நெருங்கினால் அவருக்கு வயிற்றைக் கலக்குகிறது!

கலக்கத்தானே செய்யும்? ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய். மறுநாள் இன்னொரு 50. இதற்கு உச்சவரம்பு உண்டு என்றாலும், சிறிய கடைக்காரருக்கு அதுவே பெரிய பணம். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் "வியாபாரம் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய்.

பாகூர்க்காரர் நிலைமை இன்னும் வேடிக்கையானது. பக்கத்தில் இருக்கிறது கடலூர். அங்கே சரக்கு மட்டும் விற்கிற கடைக்காரர், ஆண்டு வியாபாரம் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வரிப் பதிவு செய்துகொள்கிறார். பாகூரிலோ 20 லட்சத்தைத் தாண்டினாலே பதிவு வேண்டும். புதுச்சேரிக்கு அந்தப் பழைய வரம்புதான்.

20 லட்சம் என்றால் மலைக்க வேண்டாம். தினம் 5,500 ரூபாய்க்கு விற்றால் ஆண்டில் 20 லட்சம் வந்துவிடும். அது லாபம் அல்ல. கல்லாவில் விழுகிற மொத்தப் பணம். அதில் சரக்குக்குப் போனது போக மிஞ்சுவது எவ்வளவு என்பது கடைக்காரருக்கும் அவர் சம்சாரத்துக்கும்தான் தெரியும்.

கடலூரிலிருந்து சரக்கு வந்தால் அது வேறு மாநிலச் சரக்கு. அதற்கு வேறு பெயரில் வரி. கடலூர்க் கடையின் பதிவு எண் 33-ல் தொடங்கும். பாகூர்க் கடையின் எண் 34-ல் தொடங்கும். பில்லைப் பார்த்துப் பிரித்து எழுத ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? ஊரில் அவரை "ஆடிட்டர்" என்பார்கள். பெரும்பாலும் அவர் ஆடிட்டர் அல்ல. அனுபவத்தால் தேறிய கணக்கப்பிள்ளை. புதுச்சேரியில் வருமான வரிச் சட்டம் 1963-ல் வந்தது. விற்பனை வரிச் சட்டம் 1967-ல் வந்தது. 2007-ல் அது மதிப்புக் கூட்டு வரி ஆயிற்று. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு தடவையும் கணக்கப்பிள்ளைகள் புதிதாகப் படித்தார்கள். யாரும் அவர்களுக்கு மாலை போடவில்லை.

மாலை வரவில்லை, பரீட்சை வந்தது! பழைய விற்பனை வரிச் சட்டத்தின் கீழ் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்தத் தொழிலைச் செய்தவர்கள், ஜி.எஸ்.டி. தொழிலராக நீடிக்க வேண்டுமானால் பரீட்சையில் தேற வேண்டும் என்று விதி செய்தார்கள். மத்திய சர்க்காரின் சுங்க, மறைமுக வரிப் பயிற்சிக் கழகம் அதை நடத்தும். முதல் பரீட்சை 2018 அக்டோபர் 31-ல் நடந்தது. 2019 டிசம்பர் முடிவதற்குள் தேற வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள்.

பரீட்சை வைத்தது தப்பில்லை. அடுத்தவர் பணத்தில் கைவைக்கும் வேலைக்குத் தகுதி பார்க்கத்தான் வேண்டும். 100 கேள்விகள். 200 மதிப்பெண்கள். இரண்டரை மணி நேரம். 100 மதிப்பெண் வாங்கினால் தேறலாம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. இவ்வளவும் நியாயம்தான்.

ஆனால் கேள்விகள் எந்த மொழியில்? இங்கிலீஷ், இந்தி. அவ்வளவுதான்.

இருபது ஆண்டு தமிழில் விளக்கம் சொல்லி, தமிழ்க் கடைக்காரருக்குக் கணக்கு எழுதியவர், ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் சட்ட வாசகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அவருக்கு வரி தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் கான்ஸ்டபிள் பரீட்சையும் 2024 முதல் தமிழில் நடக்கிறது. துப்பாக்கி பிடிக்கத் தமிழ் போதும். பில் எழுதப் போதாதா?

"நோட்டீஸ் இங்கிலீஷில் வருகிறதே, அதைப் படிக்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். படிக்கத்தான் வேண்டும். சட்டச் சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் தமிழில் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

பாகூருக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், இந்த ஊரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களை மானியமாக விட்ட செப்பேடு கிடைத்திருக்கிறது. ராஜாவின் புகழைச் சமஸ்கிருதச் சுலோகங்களில் பாடிவிட்டு, நிலத்தின் விவரத்தைத் தமிழில் எழுதினார்கள். ஊரார் வேலைக்கு ஊரார் மொழி!

இன்னொன்று. இந்தக் கொம்யூன்களிலிருந்து எத்தனையோ பெண்கள் பஸ் ஏறிப் போய் பி.காம். படித்துவிட்டு வருகிறார்கள். அதன்பின் மாப்பிள்ளை பார்க்கும் வரை அந்தப் படிப்பு பெட்டியில் தூங்குகிறது. வணிகவியல் பட்டம் பெற்றவர் ஜி.எஸ்.டி. தொழிலராகப் பதிவு செய்துகொள்ள விதியில் இடம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையிலேயே செய்யக்கூடிய வேலை. பெற்றோர் கவனிக்க வேண்டும்.

படிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பழைய கைடை நம்பக்கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறிவிட்டன. 12 சதவீதம், 28 சதவீதம் என்பவை பெரும்பாலான பொருள்களுக்குப் போய், 5-ம் 18-ம் நின்றன. தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் ஒரு மாதப் பில்களை வாங்கி, கொள்முதல் வேறு, விற்பனை வேறு என்று பிரித்து எழுதிப் பழகினால், கைடு பத்துப் பக்கத்தில் சொல்வது ஒரு மாலைப் பொழுதில் புரிந்துவிடும்.

கடைக்காரரும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு எழுதுகிறவர் எத்தனை பரீட்சை தேறியிருந்தாலும், ரிட்டர்னில் உள்ள தப்புக்குச் சட்டத்தின் முன் பொறுப்பாளி கடைக்காரர்தான். செல்போனில் வருகிற ரகசிய எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது. "எவ்வளவு விற்பனை போட்டீர்கள்? எவ்வளவு வரி?" என்று கேட்டு, தம் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.