தழைக்கும் கணக்கு வேண்டும்

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்த குப்பையைப் பெரும் பொருட்செலவில் கிளறிப் பிரிக்கும் சென்னை மாநகராட்சி, இன்று சேரும் குப்பை எங்கே போகிறது என்பதற்கு மக்களிடம் கணக்குக் காட்டியாக வேண்டும்.

விதிகளில் குழப்பம் இருந்ததில்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரித்துத் தர வேண்டும், தோட்டக் கழிவைத் தனியே சேர்த்து, உள்ளாட்சி சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும், எரிக்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னவை இவை. அதே ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தழைக் கழிவு எவ்வளவு பெரிய சுமை என்பதை நகரம் அன்றே கண்டது.

வாசலில் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் கலந்தால் மக்களின் உழைப்பு வீண். பல மண்டலங்களில் குப்பை சேகரிக்கும் பணி தனியார் ஒப்பந்தத்தில் நடப்பதால், கண்காணிக்கும் பொறுப்பு மாநகராட்சிக்குக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. தழைக் கழிவு உட்பட, மறுசுழற்சிக்குச் சென்றது எவ்வளவு, உரமானது எவ்வளவு, கிடங்கில் கொட்டியது எவ்வளவு என்ற விவரத்தை 200 வார்டுகளிலும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பகுதி சபைக் கூட்டங்களிலும் அதை விவாதத்துக்கு வைக்க வேண்டும். கழிவைக் கலந்து ஏற்றும் ஒப்பந்ததாரருக்கு அபராதம் விதிப்பதில் மாநகராட்சி தயக்கம் காட்டக் கூடாது.