வட்டார விமானிகளின் ஒப்பந்தம்: சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

விமானி வேலை என்றால் கை நிறையச் சம்பளம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, ஊர் ஊராகப் பயணம் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. பிள்ளை எஸ்.பி.எம். முடித்து, "பைலட் படிக்கட்டுமா?" என்று கேட்டவுடன் சேமிப்பையும் ஈ.பி.எஃப். பணத்தையும் கணக்குப் போடும் பெற்றோர் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அந்தக் கணக்கில் பல லட்சம் வெள்ளி போகிறது. ஆகவே, அமெரிக்காவின் வட்டார விமான நிறுவனங்களில் வேலை செய்யும் விமானிகள் கடந்த சில ஆண்டுகளாக எதை எடைபோட்டுப் பார்க்கிறார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் ஒருவருடையது, சம்பளம் இன்னொருவருடையது

அமெரிக்கன் ஈகிள், டெல்டா கனெக்‌ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ் என்ற பெயர்களில் பறக்கும் விமானங்கள் சிறு நகரங்களையும் பெரிய விமான நிலையங்களையும் இணைக்கின்றன. விமானத்தின் மேல் பெரிய நிறுவனத்தின் வண்ணம். பயணச்சீட்டை விற்பதும் அந்த நிறுவனமே. ஆனால் விமானத்தை ஓட்டுபவர் என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மோண்ட், எண்டெவர், ரிபப்ளிக், ஸ்கைவெஸ்ட் போன்ற வேறொரு நிறுவனத்தின் ஊழியர். அவருடைய சம்பளமும் சலுகைகளும் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தவை.

இது நமக்குப் புதிதல்ல. தோட்ட நிர்வாகத்தின் கீழ் நேரடியாக வேலை செய்பவரும், அதே தோட்டத்தில் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்பவரும் ஒரே வரிசையில் பழக்குலை வெட்டினாலும், ஊதியமும் விடுப்பும் ஒன்றாக இருப்பதில்லை. வட்டார விமானியின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

இதில் பெரிய நிறுவனத்தின் கை ஓங்கியிருப்பதை 2013, 2014 ஆண்டுகளில் பார்த்தோம். செலவைக் குறைக்கும் ஒப்பந்தத்தை பி.எஸ்.ஏ. விமானிகள் 2013இல் ஏற்றுக்கொண்டார்கள்; புதிய விமானங்கள் அவர்களுக்குப் போயின. 2014 மார்ச்சில் என்வாய் விமானிகள் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வாக்களித்து நிராகரித்தார்கள். விமானங்கள் வேறு நிறுவனங்களுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் அவர்களைப் பற்றிக்கொண்டது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களைக் காட்டி மற்றொரு நிறுவனத்தின் ஊழியர்களைப் பணிய வைக்கும் வழி இது.

காற்று திசை மாறியது ஏன்?

2009 பிப்ரவரி 12ஆம் தேதி நியூவர்க்கிலிருந்து பஃபலோ நகருக்குச் சென்ற கோல்கன் ஏர் விமானம் விழுந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டார்கள். விமானம் வேகம் குறைந்து எச்சரித்தபோது தலைமை விமானி தவறாக இயக்கியதே காரணம் என்று விசாரணை வாரியம் முடிவு செய்தது. ஆனால் விசாரணையில் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. துணை விமானி முந்தைய இரவு முழுதும் சியாட்டல் பக்கத்திலிருந்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூவர்க்கிற்குப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும் என்றும், எந்த அளவுக்கு என்று கணிக்க முடியவில்லை என்றும் வாரியம் சொன்னது.

மாண்டவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதன் பலனாக 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் தேவைப்பட்டது. இராணுவத்திலும் குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. 2014 முதல், பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் உறங்க வாய்ப்பு என்ற விதியும் நடப்புக்கு வந்தது.

ஆள் கிடைப்பது அரிதானது. கோவிட் காலத்தில் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றதால் பற்றாக்குறை முற்றியது. 2022 ஜூனில் என்வாய், பீட்மோண்ட் நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன, பி.எஸ்.ஏ. பின்தொடர்ந்தது. மாதம் 75 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 81,000 டாலர். ஒரு காலத்தில் ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டித் தொடங்கிய வேலை இது.

ஆனால் அந்த உயர்வில் ஒரு பகுதி தற்காலிகச் சலுகை என்றே அப்போது அறிவிக்கப்பட்டது. எது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது, எது நிறுவனம் தானாகக் கொடுப்பது என்று விமானிகள் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். தானாகக் கொடுத்ததைத் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்ததை அப்படி எடுக்க முடியாது.

வேலைக்குப் போகும் வழியே ஒரு வேலை

விடியற்காலை மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை எட்டு மணி நேரம், போக்குவரத்து தனி. அந்த நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அமெரிக்க விமானிகளில் பலர் குடியிருப்பது ஓர் ஊர், பணி தொடங்குவது வேறு ஊர். விமானத்திலேயே வேலைக்குப் போகிறார்கள். இலவசமாகப் போகலாம் என்றாலும், காலி இருக்கை இருந்தால்தான். அதனால் முந்தைய நாளே கிளம்பி, விமான நிலையம் அருகே பல பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அறையில் படுத்து எழுந்து, மறுநாள் பணிக்குப் போகிறார்கள். சம்பளமோ விமானம் நகரத் தொடங்கிய பிறகுதான்.

இதற்காகத்தான் ஒப்பந்தங்களில் சில பாதுகாப்புகளைக் கேட்கிறார்கள். முறையாக முயன்றும் விமானத்தில் இடம் கிடைக்காமல் வரத் தவறினால் ஒழுங்கு நடவடிக்கை கூடாது என்பது ஒன்று. மாதத்தில் சில இரவுகளுக்கு நிறுவனமே விடுதி அறை தருவது இன்னொன்று. உறுதியான இருக்கை கொடுத்து அழைத்துவருவதுதான் இவற்றில் பெரிய சலுகை. மணிக்கு இரண்டு டாலர் கூடுதலாகக் கிடைப்பதைவிட, மாதத்தில் மூன்று நாள் வீட்டில் கூடுதலாக இருப்பது பெரிது என்று பிள்ளைகுட்டிக்காரர் நினைத்தால் அதில் தவறில்லை.

இது குடும்ப வசதி மட்டுமல்ல, பயணிகளின் பாதுகாப்பும்கூட. வீட்டிலிருந்து பணியிடம் வரும் பயணத்தை அமெரிக்க விதிகள் கட்டுப்படுத்தவில்லை. களைப்பில்லாமல் வருவதை விமானியின் பொறுப்பில்தான் பெரும்பாலும் விட்டிருக்கின்றன.

வரிசையில் உங்கள் எண் என்ன?

விமானத் துறையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது மூப்பு எண். எந்த ஊரில் பணி, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ விடுப்பு உண்டா, எப்போது தலைமை விமானி ஆகலாம் எல்லாம் அதன்படிதான். நிறுவனம் மாறினால் அந்த எண் கூட வராது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதிய இடத்தில் கடைசியில்தான் நிற்க வேண்டும். 2020இல் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், கம்பஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் என்று மூன்று வட்டார நிறுவனங்கள் சேவையை நிறுத்தியபோது, அங்கிருந்த விமானிகளின் மூப்பும் அதோடு போனது.

ஆகவே, வட்டார நிறுவனத்திலிருந்து பெரிய நிறுவனத்துக்கு ஏறிப்போகும் படி இருக்கிறதா என்பது முக்கியக் கேள்வியாகிறது. என்வாய், பி.எஸ்.ஏ., பீட்மோண்ட் விமானிகளுக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குப் போகும் வழி ஒப்பந்தத்திலேயே உண்டு. ஆனால் அந்த வரிசை எவ்வளவு வேகமாக நகரும் என்பது பெரிய நிறுவனம் ஆள் எடுப்பதைப் பொறுத்தது. 2022, 2023இல் பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. 2024இல் போயிங் விமானங்கள் வந்து சேரத் தாமதமானது. யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளையே சம்பளமில்லா விடுப்பில் போக விருப்பமா என்று கேட்டது. ஓராண்டுக்கு முன் வேகமாக நகர்ந்த வரிசை மெதுவானது.

வேலைநிறுத்தமும் எளிதல்ல. அமெரிக்காவில் விமானிகள் 1926ஆம் ஆண்டின் இரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். மத்தியஸ்த வாரியம் விடுவித்து, 30 நாள் காத்திருந்த பிறகுதான் வேலைநிறுத்தம் செய்ய முடியும். 2001இல் கோம்ஏர் விமானிகள் 89 நாள் நின்று நல்ல ஒப்பந்தம் பெற்றார்கள். ஆனால் 2012இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், நல்ல ஒப்பந்தம் மட்டுமே வேலையைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது சாட்சி.

நம் பிள்ளைகளுக்கு

நம் நாட்டிலும் காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. சபா, சரவாக் உட்புறங்களுக்குப் பறக்கும் மாஸ்விங்ஸ் நிறுவனத்தை வாங்க சரவாக் அரசு 2025 பிப்ரவரியில் ஒப்பந்தம் செய்தது. ஏர்போர்னியோ என்பது புதிய பெயர். மாநிலத்துக்கு இது பெருமை. ஆனால் பெரிய குழுமத்தின் கீழ் இருந்த வட்டார நிறுவனம் தனியாகப் பிரியும்போது, அங்குள்ள விமானிகளின் மூப்பும், பெரிய விமானத்துக்கு ஏறும் வாய்ப்பும் என்னவாகும் என்பது எந்த நாட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி.

பிள்ளையை விமானப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் சம்பள எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம். உரிமம் பெற்றும் வேலையில்லாமல் பலர் காத்திருந்த காலத்தை இந்த நாடும் பார்த்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் எந்த நிறுவனம் எடுக்கும், எத்தனை ஆண்டு பிணை, இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பணியிடம் எந்த ஊர், அதை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டா, தங்குமிடம் யார் செலவு, எத்தனை ஆண்டில் தலைமை விமானி ஆகலாம், சங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூட்டு ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் போராடிய தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நாம். பால்மரம் சீவியவர்களுக்குப் பொருந்திய அதே பாடம் விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கும் பொருந்தும்: சம்பளம் எவ்வளவு என்பது முதல் கேள்விதான், நாளைக்கும் அது நிற்குமா என்பதே அடுத்த கேள்வி.