கழுதைமுள்ளிக்கு நம் வீட்டுத் தொட்டி வேண்டாமே!

வாசலில் துளசி, கொல்லையில் கற்பூரவல்லி, வேலியோரம் தூதுவளை... இந்த மூன்றும் இருந்தால் சளி, இருமலுக்குப் பாதி பயம் போச்சு என்பார்கள் நம் பாட்டிமார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இப்போது அந்தப் பழக்கம் கொஞ்சம் எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. 'மூலிகை' என்று யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும். அது எங்கே முளைக்கிறது, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று ஒரு கேள்வி கிடையாது. "ஒரு கிளை ஒடிச்சிட்டு வாங்களேன், தொட்டியில வச்சுப் பார்ப்போம்!" என்று கிளம்பிவிடுகிறோம்.

அப்படி ஆசைப்பட்டுக் கொண்டுவரக் கூடாத செடி என்று நான் நினைப்பது, கழுதைமுள்ளி.

பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். சேற்றோரமாக இடுப்பு உயரத்துக்குப் புதராக நிற்கும். பளபளவென்ற இலை, ஓரமெல்லாம் முள், ஊதா நிறத்தில் அழகான பூ. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் உண்டு. ஆங்கிலத்தில் 'சீ ஹாலி' என்பார்கள்.

முதல் சிக்கலே இந்தப் பெயரில்தான். ஐரோப்பாவின் மணல் கடற்கரைகளில் வளரும் வேறொரு முள்செடிக்கும் 'சீ ஹாலி' என்றுதான் பெயர். அது கொத்தமல்லி வகையறா. இங்கிலாந்தில் கோல்செஸ்டர் என்ற ஊரில் 17-ம் நூற்றாண்டில் அதன் வேரைச் சர்க்கரைப் பாகில் போட்டு மிட்டாயாகவே விற்றிருக்கிறார்கள். நம் கழுதைமுள்ளியோ கனகாம்பரம், ஆடாதோடை குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தச் செடிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'சீ ஹாலி வேர் சாப்பிடலாம்' என்று எங்கோ படித்துவிட்டு இதன் வேரைக் கடித்தால் என்ன ஆகும்? பெயர் ஒன்றாக இருந்தால் குணமும் ஒன்றாகிவிடுமா?

சரி, தொட்டியில் வைத்தால் பிழைக்குமா? பிழைக்காது என்று சொல்ல மாட்டேன். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் சேற்றில் வாழ்வதற்காக, உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளும் வசதி இந்தச் செடிக்கு இருக்கிறது. நல்ல தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் வேர்ப்பக்கம் எப்போதும் சொதசொதவென்று ஈரம் வேண்டும். அதற்காக ஓட்டையில்லாத தொட்டியில் தண்ணீரைத் தேக்கி வைப்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்! டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூட்டுவலிக்கு என்று ஆசையாக வளர்த்த செடி, குழந்தைக்குக் காய்ச்சலைக் கொண்டுவரலாமா? போதாக்குறைக்கு, அந்த முள் இலைகள் தவழ்ந்து, ஓடி விளையாடும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக நிற்கும்.

"நாட்டு வைத்தியத்துல இதுக்கு இடம் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. கடலோர மக்கள் மூட்டுவலி, இழுப்பு, தோல் நோய்களுக்கு இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் மனிதருக்கு எத்தனை இலை, எத்தனை நாள் என்று உறுதியான அளவு எதுவும் வகுக்கப்படவில்லை. இன்னொன்று, அலையாத்திச் சேறு ஒரு வடிகட்டி மாதிரி. ஆற்றில் அடித்துவரும் ஈயம் போன்ற உலோகங்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் வேர்விட்ட செடியைக் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் குடிப்பது நல்லதா? இழுப்பு உள்ளவர்கள் இதை நம்பி இன்ஹேலரைத் தூக்கி மூலையில் போட்டால் உயிருக்கே ஆபத்து.

பறிக்கப் போகிற இடத்திலும் ஆபத்து உண்டு. அதே சேற்றில்தான் தில்லை மரமும் நிற்கிறது. அதன் கிளை ஒடிந்து பால் கண்ணில் பட்டால் பார்வையே கொஞ்ச நாள் மறைந்துவிடும். அதோடு பிச்சாவரம் காப்புக்காடு. அனுமதியில்லாமல் செடி பிடுங்குவது குற்றம். 2022-ல் அதை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவித்திருக்கிறார்கள். கரைச் சேற்றைப் பிடித்து நிறுத்துவதும், இறாலுக்கும் நண்டுக்கும் நிழல் தருவதும் இந்த மாதிரிச் செடிகள்தான். ஆளுக்கொரு கிளை என்று ஆரம்பித்தால் அங்கே என்ன மிஞ்சும்?

உப்பங்கழி ஓரத்திலேயே வீடு இருக்கிறவர்கள் விஷயம் வேறு. கொல்லைக் கோடியில் அது தானாகவே முளைத்திருந்தால் வெட்டி எறியாதீர்கள். கரைக்குக் காவலாக நிற்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு யோசனை. அதே குடும்பத்து ஆடாதோடையை வையுங்கள். மழைக்காலத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் துளிர்த்துவிடும். ஆடு தொடாது, தினம் தண்ணீர் ஊற்றி மெனக்கெட வேண்டாம், முள்ளும் கிடையாது. இருமல் சிரப்புகளில் சேர்க்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான். ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை: கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்கு உண்டு. அதனால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மற்றவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டு, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் மட்டும் சாப்பிடுவதுதான் முறை. சளி ஒரு வாரத்துக்கு மேல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ கஷாயத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஒரு செடியை வீட்டுக்குள் கொண்டுவருமுன் மூன்றே கேள்வி கேளுங்கள். இதன் சரியான பெயர் என்ன? இந்த மண்ணும் தண்ணீரும் இதற்கு ஒத்துவருமா? என் வீட்டில் யாருக்கு இது ஆகாது? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தாராளமாக நடுங்கள். தெரியவில்லையா? அது முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது!