எழுத்துக்குக் கூலி கேட்கலாமா?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

காலையில் கண்விழித்தது முதல் இரவு கண்ணயரும்வரை எத்தனை விளம்பரங்களை நாம் பார்க்கிறோம், கேட்கிறோம்! பற்பசையின் அட்டை, செய்தித்தாளின் முதற்பக்கம், பேருந்தின் முதுகு, சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பதாகைகள், பண்பலை வானொலி, கைப்பேசி என்று அவை இல்லாத இடமே இல்லை. கதை எழுதியவர் பெயர் கதையின் தலைப்புக்குக் கீழே இருக்கும். பாட்டு எழுதியவர் பெயரை வானொலி அறிவிப்பாளர் சொல்லுவார். விளம்பரத்தின் கீழேயோ கடையின் தொலைபேசி எண் மட்டுமே இருக்கும். அந்த வாசகத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

என் சித்தி அப்படிப்பட்ட பெயரில்லா எழுத்தாளர்களுள் ஒருவர். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 2017-ஆம் ஆண்டு பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கு வந்தார். அன்று முதல் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு பழைய தமிழ் அகராதி ஆகியவற்றை வைத்துக்கொண்டு சொந்தமாக விளம்பரம் எழுதிக் கொடுக்கிறார். ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர்’ என்கிறார்கள். அடுத்த வீட்டுப் பாட்டியிடம் நான் இதைச் சொன்னபோது, “காப்பியடிக்கிற வேலையா? அதற்குக் கூடவா சம்பளம் கொடுக்கிறார்கள்?” என்று கேட்டு என்னைத் திகைக்க வைத்தார்!

இது எளிய வேலை என்று நானும் எண்ணியிருந்தேன். நான்கு வரிதானே, நாமே எழுதிவிடலாமே என்று தோன்றும். ஒரு நாள் சித்தி மும்பையிலிருந்து வந்த ஓர் ஆங்கில விளம்பரத்தை என்னிடம் கொடுத்து, அதிலுள்ள ‘ஃபிரெஷ்’ என்ற ஒரே ஒரு சொல்லுக்குத் தமிழ் சொல்லச் சொன்னார். “புதிய” என்றேன். “புதிய பால் என்று எந்த வீட்டிலாவது சொல்லுகிறார்களா?” என்று சிரித்தார். பால் என்றால் கறந்த சூடு. காய் என்றால் பறித்த பசுமை. பூ என்றால் அன்று மலர்ந்தது. இட்லி என்றால் ஆவி பறப்பது. ஆங்கிலத்துக்கு ஒரு சொல் போதும். தமிழிலோ பொருளுக்குப் பொருள் சொல் மாறுகிறது. அதன் பிறகு, படிப்பவரை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்ற வழக்கு இருக்கிறது. கல்லூரி மாணவனிடம் விற்கும் ஷூவுக்கு ‘நீ’ ஒத்துவரலாம். குடும்பத் தலைவர் வாங்கும் குளிர்ப்பெட்டிக்கு அவ்வாறு எழுதினால் கடைக்காரருக்குத் திட்டு விழும். வானொலி விளம்பரம் 30 வினாடி என்றால் ஐம்பது சொற்களுக்கு மேல் தாங்காது. அந்த ஐம்பதுக்குள் கடையின் பெயர் இரண்டு முறை, ஊர் ஒரு முறை, தள்ளுபடி ஒரு முறை வந்தாக வேண்டும். சித்தி கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் படித்துச் சொற்களை வெட்டுவார். கீழே பாட்டி, “இவள் யாரோடு சண்டை போடுகிறாள்?” என்பார்.

இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தோடு பிணைந்தது. ஆடித் தள்ளுபடிக்கான வேலை ஆனியிலேயே வந்து குவியும். தீபாவளிக்கு முன் இரவு பன்னிரண்டு மணிவரை மாடியில் விளக்கு எரியும். தை பிறந்தால் பட்டுப்புடவை, ஏப்ரலில் அட்சய திருதியைக்கு நகை, மே மாதம் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை. இவற்றுக்கு இடையே பிப்ரவரி போன்ற மாதங்களில் தொலைபேசி மணி ஒரு முறைகூட அடிக்காது. ஒரு மாதம் நாற்பதாயிரம் வரும். மறுமாதம் நாலாயிரம்கூட வராது. ஆனால் மின்கட்டணமும் மருந்துக்கடைப் பாக்கியும் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லையே!

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஃபிரான்சஸ் ஜெரிட்டி என்ற பெண்மணி இருந்தார். வைரம் என்றென்றைக்கும் நிலைப்பது என்று பொருள்படும் டி பீர்ஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற விளம்பர வாசகத்தை 1947-ஆம் ஆண்டு எழுதியவர் அவரே. ஆங்கிலத்தில் அது நான்கே சொற்கள்! இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வாசகம் என்று ‘அட்வர்டைசிங் ஏஜ்’ என்ற இதழ் 1999-இல் அதைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயரும் எந்த விளம்பரத்தின் கீழும் அச்சாகவில்லை. ஆயினும் அவர் என்.டபிள்யூ. ஏயர் என்ற நிறுவனத்தின் ஊழியர். எழுதிய வரி நன்றாக இருந்தாலும் சுமாராக இருந்தாலும் அவருக்குச் சம்பளம் வந்திருக்கும். தனியாக எழுதுபவருக்கு அந்த நிழல் இல்லை. நான்கு சொல் எழுதினால் ‘நான்கு சொல்லுக்கா இவ்வளவு பணம்?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

இனி, என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டிய சம்பவத்துக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டு ஆடி விற்பனைக்காக ஒரு ஜவுளிக்கடைக்குச் சித்தி ஆறு பத்திரிகை விளம்பரங்களும் மூன்று வானொலி விளம்பரங்களும் எழுதினார். பேசிய தொகை 18,000 ரூபாய். பேச்சு வாய்மொழியாகத்தான், காகிதம் ஏதுமில்லை. ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். விளம்பரங்கள் வந்தன, கடையில் கூட்டமும் வந்தது. நானும் அம்மாவும்கூட அங்கே ஒரு சுடிதார் வாங்கினோம் (ரொக்கமாகத்தான் கொடுத்தோம்!). பணம் மட்டும் வரவில்லை. முதலாளி வெளியூர் போயிருக்கிறார், செக்கில் கையெழுத்து ஆகவில்லை, தீபாவளி முடியட்டும், ஆடிட்டர் வரட்டும். இப்படியே மார்கழியும் போயிற்று.

அந்நாட்களில் பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி நடந்துகொண்டிருந்தது. வலக்கை விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கிய நேரம். செப்டம்பரில் அதை வாரம் ஒரு நாளாகக் குறைத்தார்கள். அப்பா பணம் தருவதாகத்தான் சொன்னார். “அம்மாவின் செலவில் பாதி என் பொறுப்பு, அத்தான். என் பணம் எங்கும் போய்விடவில்லை, வந்துவிடும்” என்று சித்தி மறுத்துவிட்டார். பொங்கல் கழிந்து வந்தது 12,000 ரூபாய். மீதியைக் கேட்டதற்கு, “மேடம், நாலு வரிக்கு இதுவே ஜாஸ்தி. அடுத்த வருஷம் பார்த்துச் செய்கிறோம்” என்றாராம் கணக்காளர். பாட்டியின் விரல்கள் இன்றும் பாதிதான் மடங்குகின்றன. இதற்கு அந்த ஆறாயிரம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்தான் அதைச் சொல்ல முடியும். ஆனால் எங்கள் வீட்டில் அந்த நான்கு மாதங்களை யாரும் மறக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில், கூலியாளின் கூலியை மறுநாள் விடியும்வரை கையில் வைத்திருக்கலாகாது என்பது மோசேயின் காலத்துச் சட்டம் என்று சிஸ்டர் கூறியபோது, வகுப்பிலேயே எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன. இக்காலத்திலும் சட்டம் இல்லாமல் இல்லை. சிறுதொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட சிறு தொழில் செய்பவருக்கு 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி, கொடுக்க வேண்டும். “அப்படியானால் புகார் செய்யலாமே, சித்தி?” என்று கேட்டேன். “செய்யலாம். பிறகு இந்த ஊரில் எந்தக் கடை என்னைக் கூப்பிடும்?” என்றார். அவர் அதுவரை பதிவும் செய்திருக்கவில்லை என்பது வேறு கதை.

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்: சித்தியின் மீதும் எனக்குக் குறை உண்டு. பணம் கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. “சிரமத்துக்கு மன்னிக்கவும்” என்றுதான் தொடங்குவார். யாருக்கு யார் சிரமம் கொடுத்தது? கொத்தனார் மாலையில் கூலிக்காக நிற்கும்போது மன்னிப்புக் கேட்பதில்லை. தையற்காரர் பணம் வாங்காமல் ரவிக்கையைத் தருவதில்லை. எழுதுபவர் மட்டும் ஏன் கூச வேண்டும்? எழுத்து கலைமகளின் அருள், அதற்கு விலை பேசலாகாது என்று நம்மைப் பழக்கிவிட்டார்கள். அதிலும் எழுதுபவர் பெண்ணாக இருந்து, வீட்டிலிருந்தபடி எழுதினால், அது வேலை என்றே எவருக்கும் தோன்றுவதில்லை. உறவினர் வந்தால், “மாடியில் சும்மாதான் இருக்கிறாள், கூப்பிடு” என்கிறார்கள். காஸ் சிலிண்டர் வந்தாலும் சித்தி, கூரியர் வந்தாலும் சித்தி! நானே பலமுறை என் கணக்குப் பாடச் சந்தேகத்தோடு போய் நடுவில் நின்றிருக்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் அப்பாவை அப்படி அழைக்க எனக்குத் துணிவு வருமா?

ஆனால் வேறோர் இடத்தில் சித்தியின் குரல் தாழவில்லை. சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும் என்று ஒரு மூலிகைப் பொடிக்கு வாசகம் எழுதச் சொல்லி ஒருவர் வந்தார். மாதந்தோறும் வேலை, முன்பணமும் உண்டு. ஜவுளிக்கடைப் பணம் வராமலிருந்த அதே நவம்பர் மாதம்! நீரிழிவு உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. “எல்லோரும் போடுகிறார்களே, மேடம்” என்றார் வந்தவர். சித்தி ஒரு தம்ளர் காப்பி கொடுத்து அவரை அனுப்பிவிட்டார். அன்றிரவு அம்மாவுக்கும் சித்திக்கும் சிறு மனத்தாங்கல். பாட்டியை நினைத்தாவது வாங்கியிருக்கலாம் என்பது அம்மாவின் பக்கம். யாரோ ஒருவருடைய பாட்டி இந்த விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்பது சித்தியின் பக்கம். நான் எந்தப் பக்கம் என்று அன்று சொல்லத் தெரியவில்லை. இன்று சித்தியின் பக்கம்தான். ஆனால் அம்மாவை நான் தவறாகவும் நினைக்கவில்லை.

2022-ஆம் ஆண்டு இறுதியில் ‘சாட்ஜிபிடி’ வந்தது முதல் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. “கம்ப்யூட்டரே எழுதித் தந்துவிடுகிறது, நீங்கள் சற்றுத் திருத்தினால் போதும்” என்று பாதி விலை பேசுகிறார்கள். ஒரு பல் மருத்துவமனைக்காக அப்படி வந்த வரி: “உங்கள் புன்னகையை உயர்த்துங்கள்.” புன்னகையை எங்கே உயர்த்துவது, பரணிலா? அதைத் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது எளிது என்கிறார் சித்தி. ஆனால் அந்த இயந்திரம் ஆண்டுக்காண்டு தேறி வருகிறது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். இதை மறைத்து உங்களுக்கு எழுதுவது நேர்மையாகாது.

ஜவுளிக்கடை அனுபவத்துக்குப் பின் சித்தி இரண்டு காரியங்கள் செய்தார். தொழிலைப் பதிவு செய்தார். பாதித் தொகை முன்பணமாக வந்தால்தான் மேசையில் உட்காருவது என்று விதி வைத்தார். இதனால் நீண்ட நாள் வாடிக்கையாளர் இருவர் போய்விட்டார்கள். மூவர் தங்கினர், அவர்களில் ஒருவர், “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!” என்றாராம். அந்த ஒரு சொல்லை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்று நம் எல்லார் வீட்டிலும் பேச்சு நடக்கிறது. நான் கலைப்பிரிவு எடுத்துப் பின்னர் தமிழ் இலக்கியம் படிக்க விரும்புகிறேன். “சித்தியைப் பார்த்த பிறகுமா?” என்கிறார் அப்பா. அவர் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த இறக்கங்களில் எத்தனை எழுத்தால் வந்தவை, எத்தனை கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காததால் வந்தவை என்று பிரித்துப் பார்க்கும்படி அப்பாவையும், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். எழுத வராதவள் எழுதிப் பிழைக்க முடியாது, அது சரி. நன்றாக எழுதுபவளும் பிழைக்க முடியாமல் போவது வேறு நோய். அதற்கு மருந்து கணக்குப்பதிவியல் படிப்பதன்று என்பது என் எண்ணம். (சித்தியோ, அதையும் ஓர் ஆண்டு படித்துவை என்கிறார்!)

என் சொந்த அனுபவம் ஒன்றும் உண்டு. 2024 கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெரு பேக்கரிக்காரர் கேக் விற்பனைக்கு ஒரு துண்டுப்பிரசுரம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு மாலை செலவிட்டு எழுதினேன். ஆயிரம் பிரதி அச்சிட்டார். கூலியாக அரைக் கிலோ பிளம் கேக் கொடுத்தார். நான் பெருமையோடு அதை மாடிக்கு எடுத்துச் சென்றபோது சித்தி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “கேக் அருமை. முன்னாலேயே விலை பேசினாயா?” என்று மட்டும் கேட்டார்.

2025-இலும் அவர் கேட்டார். “முந்நூறு ரூபாய், அண்ணா. நூற்றைம்பது முன்பணம்” என்றேன். கால்கள் நடுங்கியது எனக்குத்தான் தெரியும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். “பாப்பா பெரிய ஆளாகிவிட்டதே! அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன்” என்றார். “எழுதுவது நான்தானே, அண்ணா, என்னிடமே பேசுங்கள்” என்றேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு உள்ளே போனார். இக்கட்டுரையை ஆசிரியையிடம் கொடுக்கும் இந்நாள்வரை பதில் வரவில்லை. துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியை மட்டும் நான் எழுதி வைத்திருக்கிறேன். அதை இங்கே வெளியிடப் போவதில்லை.