மூணு வோல்ட்டில் முப்பத்திரண்டு குரல்!

கல்யாண மண்டபத்துல லைட் மியூசிக் கேட்டிருப்பீங்க. பாடுறவங்க மேல ஒரு கண்ணு, மேடைக்கு முன்னாடி குத்தாட்டம் போடுற மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் மேல ஒரு கண்ணு. மிச்ச கவனமெல்லாம் பந்தி எப்போ ஆரம்பிக்கும்கிறதுலதான்! ஓரமா ஒருத்தர் ரெண்டு கீபோர்டை அடுக்கி வெச்சு, யாரையும் பார்க்காம வாசிச்சுட்டு இருப்பாரே... அவரைக் கவனிச்சிருக்கீங்களா?

அப்படி ஒரு கீபோர்டு மாஸ்டர் போன மாசம் எங்க வீட்டுக்கு வந்தார். ''தம்பி இன்ஜினீயரிங் படிக்கிறீங்களாமே. இதுல வால்யூமை ஏத்துனா கரகரங்குது. கொஞ்சம் பாருங்களேன்'' என்று கட்டிலில் ஒரு பெட்டியை இறக்கி வைத்தார். கட்டிலே முனகியது. அத்தனை கனம்!

உள்ளே இருந்தது யமஹா டிஎக்ஸ்7. 1983-ல் வந்த சின்தசைசர். நமக்கெல்லாம் அண்ணன் இல்லை பாஸ், பெரியப்பா! 61 கட்டை, ஒரே நேரத்தில் 16 ஸ்வரம், பச்சை பச்சையாக பட்டன்கள், பேக்லைட்கூட இல்லாத குட்டி எல்.சி.டி. எண்பதுகளின் பாட்டுகளில் மணி மாதிரி கிணுங்கும் எலெக்ட்ரிக் பியானோ கேட்டிருப்பீங்களே... உலகம் முழுக்க அந்தச் சத்தத்தைப் பரப்பினதில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

இ.சி.இ. மக்கள் மட்டும் ஒரு நிமிஷம் கிட்ட வாங்க. கம்யூனிகேஷன் பேப்பரில் எஃப்.எம்., பெஸ்ஸல் ஃபங்ஷன், சைடுபேண்டு என்று படிச்சு, எழுதி, மறந்தோமே... அதே சமாச்சாரம்தான் இதுக்குள்ளே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்கிற இசைக்காரர் 1967-ல் வைப்ரேட்டோவை வெச்சு விளையாடிட்டு இருந்தார். அதன் வேகத்தை ஏத்திக்கிட்டே போனபோது, காதுக்கு அது ஆட்டமாகத் தெரியாமல் புது நாதமாகவே மாறிடுச்சு. ஒரு அலை இன்னொரு அலையை ஆட்டி வைக்க, பக்கத்தில் புதுசு புதுசாக அதிர்வெண்கள் முளைக்குது. ரேடியோவில் அது மெகாஹெர்ட்ஸில் நடக்கும், இங்கே காதுக்குக் கேட்கிற எல்லைக்குள்ளேயே நடக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை யமஹா வாங்கி, ஆறு ஆபரேட்டர், அவற்றைக் கோக்க 32 விதம் என்று பெட்டிக்குள் அடைச்சது.

ஆனால், இதில் சொந்தமாக ஒரு டோன் உருவாக்குறது பெரிய தலைவலி. திருகிப் பார்க்க நாப் கிடையாது. ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு ஸ்லைடரில் மாத்தணும். ஒரு எண்ணை லேசாகத் தொட்டால் புல்லாங்குழல் தகர டப்பா ஆயிடும். அதனால்தான் பாதிப் பேர் கம்பெனி கொடுத்த டோன்களையே வெச்சு ஓட்டினாங்க.

நம்ம மாஸ்டர் அந்தப் பாதியில் சேர்த்தி இல்லை. டிஎக்ஸ்7-க்குள் 32 டோன் சேமிக்கலாம். முப்பத்திரண்டும் அவரே செஞ்சது! ஒரு டோனுக்குப் பெயர் வைக்க பத்து எழுத்துதான் இடம். இங்கிலீஷில் 'நாதஸ்வரம்' என்று எழுதிப் பாருங்க, கரெக்டா பத்து எழுத்து வரும். அவருடைய முதல் டோன் அதுதான். கரகரப்புக்கு நடுவிலும் ஒரு பிடி பிடிச்சுக் காட்டினார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாங்க.

இனிமேதான் நான் பல்பு வாங்கின கதை.

பழைய பெட்டியை ரிப்பேருக்கு எடுத்தால் பேட்டரியை மாத்திடணும்னு எங்கேயோ படிச்சிருந்தேன். இதுக்குள்ளே சி.ஆர். 2032 என்கிற மூணு வோல்ட் பட்டன் செல் ஒண்ணு போர்டோடு சேர்த்து சால்டர் பண்ணியிருக்கும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, சால்டரிங் அயர்னையும் சூடு பண்ணிட்டேன். அப்போ மாஸ்டர் டீயை ஊதிக்கிட்டே சாதாரணமாகக் கேட்டார்: ''தம்பி, உள்ள இருக்கிற என் டோனெல்லாம் அப்படியே இருக்கும்ல?''

அயர்னைக் கீழே வெச்சேன். கை லேசா நடுங்குச்சு.

இருக்காது. மெயின் கரன்ட் இல்லாதப்போ நினைவுச் சில்லுக்கு உயிர் கொடுக்கிறதே அந்த பட்டன் செல்தான். பிடுங்கின நொடியில் 32 டோனும் காலி. கேசட்டா, திரும்பப் பதிவு பண்ண? ''பேப்பர்ல குறிச்சு வெச்சிருக்கீங்களா மாஸ்டர்?'' என்றேன். ''காதுலதான் தம்பி வெச்சிருக்கேன்!''

திரும்ப மூடி, சுவிட்சைப் போட்டோம். டிஎக்ஸ்7-ல் ஃபங்ஷன் பட்டனை அமுக்கி 14-ஐ அமுக்கினால் பேட்டரி வோல்டேஜைக் காட்டும். 2.1 என்று காட்டுச்சு. இந்த வகை சில்லுக்கு ஞாபகம் நிக்க சுமார் 2 வோல்ட்டாவது வேணும். அதாவது, எங்க கையில் மிச்சம் இருந்தது பாயின்ட் ஒண்ணு! சுவிட்ச் ஆனில் இருக்கிற வரைக்கும் பயமில்லை. ஆஃப் பண்ணினால் இந்தத் தடவையும் பிழைக்குமான்னு யாருக்குத் தெரியும்? எங்க ஏரியாவில் கரன்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாதுங்கிறதால், முதல் வேலையா யு.பி.எஸ்ஸில் சொருகினேன். அப்பாவோட கம்ப்யூட்டர் அன்னிக்கு லீவு.

காப்பாத்துற வழி மிடிதான். கீபோர்டுகள் ஒண்ணோடொண்ணு பேசிக்க 1983-ல் வந்த பாஷை அது. ஃபங்ஷன் மோடில் 8-ஐத் திரும்பத் திரும்ப அமுக்கினால் முதலில் மிடி சேனல், அடுத்து 'சிஸ்டம் இன்ஃபோ' (இதை 'அவெய்லபிள்' என்று மாத்தணும்), அதுக்கும் அடுத்து 'மிடி டிரான்ஸ்மிட்?' என்று கேட்கும். யெஸ் கொடுத்தால் 32 டோனும் மொத்தமா கேபிள் வழியா வெளியே வரும். ஒரு டோனுக்கு 128 பைட், 32 டோனுக்கு 4,096. தலையும் வாலும் சேர்த்து 4,104 பைட். மிடியில் நொடிக்கு 3,125 பைட் போகும். ஒரு மனுஷனோட இத்தனை வருஷ உழைப்பு ஒண்ணே கால் நொடி சொச்சத்தில் கடந்து போயிடுது!

லேப்டாப்பில் பிடிச்சேன். ஃபைல் வந்துடுச்சு. குதிக்கப் போனேன்... சைஸைப் பார்த்தால் 4,104 இல்லை, அதில் பாதிகூட இல்லை. ஆன்லைனில் மலிவா வாங்கின யூ.எஸ்.பி. மிடி கேபிள் வாயளவு முழுங்கிட்டு மிச்சத்தைத் துப்பிடுச்சு. இந்த மலிவு கேபிள்கள் சிலதுக்கு இது பரம்பரை வியாதி. தனித்தனி ஸ்வரம் போகும், இப்படி மொத்த மூட்டை போகாது. சைஸைப் பார்க்காம செல்லைப் பிடுங்கியிருந்தால்? அதை இப்போ நினைச்சாலும் வயிறு கலங்குது.

காலேஜ் மியூசிக் கிளப்பில் மிடி போர்ட்டோட ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கு. சீனியர் காலில் விழாத குறையா வாங்கிட்டு வந்தேன். இந்தத் தடவை கரெக்டா 4,104. நம்பாமல் மூணு தடவை எடுத்து, மூணும் அச்சு அசலா ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுப் பார்த்தேன். டெக்ஸ்ட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு, டிஎக்ஸ்7-ஐ கம்ப்யூட்டருக்குள்ளேயே நடிச்சுக் காட்டும். அதில் ஃபைலைத் திறந்தால் லேப்டாப் ஸ்பீக்கரில் நாதஸ்வரம்! மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டுட்டு, ''என்னோடதுதான்... கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு'' என்றார். ஸ்பீக்கர் அப்படி மாஸ்டர்!

அப்புறம்தான் ஆபரேஷன். பிளக்கைப் பிடுங்கி, பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வடியக் கொஞ்ச நேரம் விட்டு, செல்லின் ப்ளஸ் மைனஸை போனில் படம் எடுத்துட்டு, டீசால்டரிங் பம்ப்பால் ஈயத்தை உறிஞ்சி எடுத்தேன். புது செல்லை நேரடியாக சால்டர் பண்ணிடாதீங்க. லித்தியம் செல் சூடு தாங்காது, வெடிக்கவும் செய்யும். அதுக்குன்னே ஹோல்டர் இருக்கு. சென்னைக்காரங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட், மத்தவங்களுக்கு உங்க ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடை. ஹோல்டரை சால்டர் பண்ணி செல்லைச் சொருகினால், அடுத்த தடவை மாத்த அயர்னே வேணாம். சிலர் மெஷினை ஆனில் வெச்சுக்கிட்டே செல்லை மாத்துவாங்களாம், டோன் போகாதாம். ஓடுற போர்டில் சூட்டுக்கோலை வைக்கிற தைரியம் எனக்கு இல்லை.

சுவிட்சைப் போட்டதும் எல்.சி.டி.யில் பேருக்குப் பதிலா கன்னாபின்னான்னு எழுத்துகள். எதிர்பார்த்ததுதான். ஆனால், மாஸ்டர் முகத்தைப் பார்க்கணுமே! அவசரமா ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். 'மெமரி புரொடெக்டட்' என்று முகத்தில் அடிச்சுது. உள்ளே எழுதக்கூடாதுன்னு ஒரு பூட்டு இருக்கு, அதை 'ஆஃப்' பண்ணணும். பண்ணிட்டு மறுபடி அனுப்பினேன். ஒண்ணாம் நம்பர்: நாதஸ்வரம். மாஸ்டர் 32-ஐயும் ஒவ்வொண்ணா வாசிச்சுப் பார்த்த பிறகுதான் ஆறிப்போன டீயை எடுத்தார். ஃபங்ஷன் 14-ல் இப்போ 3.1.

உங்க சர்ச்சிலோ, சித்தப்பா ட்ரூப்பிலோ இப்படி ஒண்ணு தூங்கிட்டு இருந்தால், முதலில் முதுகைப் பாருங்க. ஜப்பானில் வித்ததுன்னா 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதை நம்ம 230-ல் சொருகினால் டோனைப் பத்திக் கவலைப்படவே வேண்டியிருக்காது. ரோலண்டு ஜூனோ-106 (இது 1984) வெச்சிருந்தால் வேற வியாதி. அதில் ஆறு குரலுக்கு ஆறு சில்லு. அதன் மேல் பூசின கறுப்புப் பூச்சு வயசானால் கரன்ட்டைக் கசிய விடும், குரல் ஒவ்வொண்ணா அடைக்கும். அந்தச் சில்லுகளை அசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சை உரிச்சுக் காப்பாத்துறவங்க இருக்காங்க. ஜூனோ கைக்குக் கிடைச்சால் அது இன்னொரு வாரம்.

மாஸ்டர் பேரன் போனிலும் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒண்ணு, என் மெயிலில் ஒண்ணு போட்டுட்டு, பெரிய சாதனை பண்ணின மிதப்பில் படுத்தேன். ராத்திரி பத்தரைக்கு போன்.

''தம்பி... எல்லாம் சரி. அந்தக் கரகரப்பு அப்படியேதான் இருக்கு!''

வால்யூம் ஸ்லைடர்ல தூசி. நாளைக்கு கான்டாக்ட் கிளீனரோட போறேன்.